‘இன்றே கடைசி’ மாமா

இந்தப் பூமியில் இதுவரை பிறந்தவர்களில் நம்பிக்கை என்கிற சமாச்சாரம் மருந்துக்கும் இல்லாமல் பிறந்த மனிதர் ஒரே ஒருத்தர்தான். அவர் கடலூர் முதுநகரில், மீனலோசனி டாக்கீஸில் மேனேஜராக இருந்தார். நாளைக்குச் சூரியன் உதிக்குமா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் உண்டு. உதித்துத் தொலைத்துவிட்டால், “இன்னிக்கி வந்துட்டுது, நாளைக்கிப் பாப்போம்” என்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் ‘இன்றே கடைசி’ மாமா. படம் மாறப்போகிற நாளில் போஸ்டர் மேல் குறுக்காக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவார்களே, அதில் இருக்கும் இரண்டு வார்த்தை. மற்ற தியேட்டர்காரர்கள் அதைப் படத்துக்குச் சொன்னார்கள். மாமா தியேட்டருக்கே சொன்னார். வருஷக்கணக்கில், ஒரு நாள் விடாமல், மனதார நம்பிச் சொன்னார்.

“தம்பி, படம் பாக்கணும்னா இப்பவே பாத்துடு. அடுத்த வாரம் இந்தக் கொட்டாயி இருக்காது. அவ்ளோதான், முடிஞ்சிது.”

எங்கள் வீடு டாக்கீஸுக்குப் பின்பக்கச் சந்தில். எந்தப் படமாக இருந்தாலும் வசனம் முழுக்க எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். கதாநாயகி விம்மும்போது அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பாள். படத்தைப் பார்ப்பதற்குத்தான் தியேட்டருக்குப் போகவேண்டும், கேட்பதற்கு வேண்டாம். அப்படிப் போகும்போதெல்லாம் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மர நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒரு முகம். மடியில் ஒரு கறுப்புக் குடை. வெயிலோ மழையோ, அந்தக் குடை இல்லாமல் அவர் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தது கிடையாது. கூரை விழும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். விழுகிற கூரையைக் குடை எப்படித் தாங்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

“தாங்காதுடா. எனக்குத் தெரியாதா? ஆனா சும்மா ஒக்காந்துனு இருந்தேன்னு நாளைக்கி எவனும் சொல்லக்கூடாது பாரு.”

மீனலோசனி பிறந்ததே சினிமாவுக்காக இல்லை, மல்லாட்டைக்காக. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். துறைமுகத்துக்குப் போகிற மூட்டைகளை அடுக்கிவைக்கக் கட்டிய கிடங்கு அது. கப்பல் வருவது குறைந்து கிடங்கு காலியானதும், பெரிய முதலாளி ஒரு சுவருக்கு வெள்ளையடித்தார், எதிர்ச் சுவரில் ஓட்டை போட்டார், நடுவில் மணலைக் கொட்டினார், டாக்கீஸ் ஆகிவிட்டது. மழை பெய்தால் சுவரிலிருந்து கடலை எண்ணெய் வாசனை கிளம்பும். கல்நெஞ்சையும் கரைக்கும் சோகக் காட்சியில் ஜனங்கள் அழுதுகொண்டே மல்லாட்டைக்காரனைத் தேடுவார்கள். ஜங்ஷன் வேறு பக்கத்தில் இருந்ததா, படத்தில் யார் செத்தாலும் ஒரு ரயில் கூவும். அதைப் பின்னணி இசை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பிறகு சென்னையில் ஒரு படத்தைப் பார்த்தபோது, ஆள் செத்தும் ரயில் கூவவில்லையே என்று எனக்கு அழுகையே வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மாமா கூரையை அண்ணாந்து பார்த்து, “இது தாங்காது மொதலாளி” என்றாராம். பெரிய முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “எல்லாப் பயலும் எங்கிட்ட நல்லாருக்கு நல்லாருக்குங்கறான். நீ ஒருத்தன்தான்யா உண்மையச் சொல்ற” என்று அவரை மேனேஜர் ஆக்கிவிட்டார். அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. அதையும் அவர் நம்பவில்லை. “எப்ப எறக்குவாங்களோ” என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை மேனேஜராக இருந்தார்.

எங்கள் தெருவுக்கு முதல் டிவி பெட்டி வந்த வாரம் மாமாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் போட்டார்கள். மொத்தத் தெருவும் அந்த ஒரு வீட்டில். மாமாவும் குடையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்த்தார். ஒருத்தராவது கொட்டாவி விடமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் விடவில்லை. வெளியே வந்து என் அம்மாவிடம், “தங்கச்சி, முடிஞ்சிது. இந்த மாசத்தோட கொட்டாயிக்கிப் பூட்டு. வூட்டுக்குள்ளயே கொட்டாயி வந்தப்பறம் எவன் மணல்ல வந்து குந்துவான்?” என்று கண்கலங்கிச் சொன்னார்.

அம்மா அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். “பாவம்டி, மூடப் போறாங்களாம். ஒரு தடவ போயிப் பாத்துட்டு வந்துரலாம்.” அடுத்த வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டில் சொன்னாள். அந்த வாரம் ஓடியது ஒரு மட்டமான படம். பெண்கள் பகுதியில் உட்கார இடமில்லை. இடைவேளையில் முறுக்கு தீர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்த மாமா, “அணையப்போற வெளக்கு. கடைசியா ஒரு தடவ எரியுது” என்றார்.

அதற்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. மாமா நாள் குறிப்பார், ஊர் பரிதாபப்பட்டுக் கிளம்பும், தியேட்டர் பிழைக்கும். அவர் இதைத் தந்திரமாகச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்கு விவரம் இருந்தால் அவர் தனியாகவே ஒரு தியேட்டர் கட்டியிருப்பார்.

படத்துக்கு விளம்பரம் சொல்லும் ஆட்டோவில் ஒருநாள் மைக் பிடிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பெரிய முதலாளி மாமாவை அனுப்பினார். அந்த ஆட்டோ சோனாங்குப்பம் வரைக்கும் போய்வந்தது. மாமா பேசியதை முதுநகரில் இன்னும் சிலர் அப்படியே சொல்லிக்காட்டுவார்கள்.

“பெரியோர்களே, தாய்மார்களே! நமது மீனலோசனியில் தினசரி மூன்று காட்சிகள். படம் நல்லாருக்குதுன்னு வெளியூர்ல பேசிக்கிறாங்க. எனக்கொண்ணும் அப்பிடித் தெரியல. நேத்து பாதிப் பேரு இன்ட்ரோல்லயே எழுந்து பூட்டாங்க. மீதிப் பேரு வெளிய மழைன்னு ஒக்காந்துனு இருந்தாங்க. சண்ட ஜாஸ்தி, கத கம்மி. ஃபேன் மூணு ஓடுது. அதுவும் எத்தினி நாளைக்கோ தெரியல. வர்றவங்க வரலாம்.”

சோனாங்குப்பத்து ஆட்கள் கடலுக்குப் போகாமல் கிளம்பி வந்துவிட்டார்கள். “அப்பிடி எவ்ளோ மோசமாத்தான் இருக்குதுன்னு பாத்துருவோம் மச்சான்” என்று ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள். படம் நிஜமாகவே மோசம். மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர் என்று அவர்களுக்கு அன்றிலிருந்து அவர்மேல் தனி மரியாதை.

மாமாவுக்கு ஒரே பெண், செல்வி. மாப்பிள்ளைக்கு ஊர் சிதம்பரம். பையன் நல்லவன், படித்தவன், சொந்தத் தொழில் செய்கிறான் என்று தரகர் சொன்னார். என்ன தொழில் என்று மாமா கேட்காமல் விட்டுவிட்டார். கேட்டாலும் அது தேறாது என்பதுதானே அவர் முடிவு. கல்யாணத்துக்கு முதல் நாள்தான் தெரிந்தது, மாப்பிள்ளை கீழ வீதிப் பக்கம் வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார் என்று. எந்த டிவிப் பெட்டியால் தியேட்டர் அழியும் என்று ஊர்பூராவும் சொல்லித்திரிந்தாரோ அந்தப் பெட்டிக்கே தீனி!

மண்டபத்தில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “எமனுக்கே பொண்ணக் குடுத்துட்டேன்டா தம்பி.”

தாலி கட்டியதும் மணமக்கள் காலில் விழுந்தார்கள். ஊரே தீர்க்காயுசு, பதினாறு பேறு என்று வாழ்த்திக்கொண்டிருக்க, மாமா அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, “பாப்போம்” என்றார். சம்பந்தி வீட்டில் பெரிய ரகளை. சாப்பாட்டுப் பந்தி நின்றுவிட்டது. பெரிய முதலாளியே எழுந்துவந்து, அவர் வாயில் ‘பாப்போம்’ வருவதே பெரிய ஆசீர்வாதம், எங்களுக்கெல்லாம் அதுகூடக் கிடைத்ததில்லை என்று விளக்கிச் சொன்னபிறகுதான் இலை போட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கேசட் கடைதான் முதலில் போனது. மாப்பிள்ளை சிடி கடை வைத்தார். அதுவும் போனது. இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார். ஒவ்வொரு தடவை மருமகன் கடையின் பெயர்ப்பலகை மாறும்போதும் மாமா எனக்குப் போன் செய்வார். “அவனும் போனான். நாமதான் பாக்கி. அடுத்தது நாமதான்டா.” அந்தக் குரலில் மருமகன்மேல் இரக்கம் இருக்கும். சுண்டுவிரல் அளவுக்குப் பெருமையும் இருக்கும். அதை நான் சொன்னால் போனை வைத்துவிடுவார்.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் என்பது வருஷாவருஷம் சொல்லாமல் வரும் சொந்தக்காரர். அப்படி வந்த ஒன்றில் குப்பத்து வீடுகள் நிறையப் போய்விட்டன. கெட்டியான சுவர் உள்ள இடம் என்று ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு மீனலோசனிக்கு வந்தார்கள். பகலிலேயே இருட்டிக்கொண்டு கிடந்தது. கரண்ட் இல்லை. கூரையில் இரண்டு தகடு பறந்துபோய், மாமா இத்தனை வருஷமாகச் சொன்ன இடத்திலேயே ஒழுகியது. அந்த இடத்துக்கு நேர் கீழே மாமா குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? கொட்டகைக்குள் உட்காரவைத்துவிட்டுப் படம் இல்லை என்றால் எப்படி என்று ஒரே அழுகை. மாமா வாயாலேயே படம் ஓட்டினார். நாயகனுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் தெரியாது. தங்கையைப் பாம்பு கடித்துவிட்டது. நண்பன் ரயிலில் அடிபட்டான். நாயகனுக்கே காய்ச்சல்.

“இன்ட்ரோலுக்கு அப்பறம் யாரு மாமா இருப்பா?” என்று ஒரு வாண்டு கேட்டது.

“யாரும் இருக்கமாட்டாங்க. தர டிக்கெட்டு மட்டும் இருக்கும்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பெரியவர்களும் சிரித்தார்கள், வீடு போனவர்கள்கூட. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மாமாவுக்குப் புரியவே இல்லை. அவர் கதையைத் தொடர்ந்தார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

பெரிய முதலாளி காலமானார். அவர் பையன் வெளியூரில் வேலை பார்க்கிறவர். அமைதியான பிள்ளை, யாரையும் கெட்டவராகக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. மணலுக்குப் பதில் நாற்காலி போட்டார், புது ப்ரொஜெக்டர் வைத்தார், கூரையையும் மாற்றினார். ஆனால் கூட்டம் வரவில்லை. ஊரில் ஆளுக்கொரு போன், போனுக்குள் ஆயிரம் படம். பரிதாபப்பட்டு வந்துகொண்டிருந்த என் அம்மா வயசுக்காரிகள் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் சிதம்பரத்தில் வேலை கிடைத்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் சின்ன முதலாளி மாமாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். இடத்தைக் கல்யாண மண்டபத்துக்குக் கேட்கிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று.

வாழ்நாள் முழுக்க இந்தச் செய்திக்காகக் காத்திருந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்கிறீர்கள்? “நான் அப்பவே சொன்னேன்” என்று குடையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கவேண்டாமா? அதுதான் இல்லை.

“அப்பிடிலாம் ஒண்ணும் ஆவாது தம்பி” என்றாராம். “நல்ல கொட்டாயி. ஜனங்க வருவாங்க. தீவாளி வரைக்கும் பாக்கலாம்.”

சின்ன முதலாளி அப்பாவின் முகத்துக்காகக் கொஞ்சம் இறங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு காட்சி. அதில் ஏதாவது ஒரு காட்சிக்குப் பாதிக் கொட்டகை நிறைந்தால் தீபாவளி வரைக்கும் ஓட்டலாம். நிறையவில்லையென்றால் அன்றோடு பூட்டு.

மாமா எனக்குப் போன் செய்தார். “பாதிக் கொட்டாயிதான்டா தம்பி. நெறைஞ்சிரும். கண்டிப்பா நெறைஞ்சிரும்.” மாமா வாயில் ‘கண்டிப்பா’ வந்து நான் கேட்டதே இல்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். நானும் ஏறிக்கொண்டேன். “பெரியோர்களே, தாய்மார்களே! ஞாயிற்றுக்கிழமையோட நம்ம மீனலோசனிய மூடறாங்க. இது கடைசி. நெசமாவே கடைசி. குடும்பத்தோட வந்து ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போங்க!”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைக்காமலே சிரித்தார். “இன்னா மாமா, எங்கப்பா கல்யாணத்தப்பவே இத்தச் சொன்னீங்களாமே!”

“இல்லப்பா, இப்ப நெசம்.”

“அப்பவும் நெசம்னுதான் சொன்னீங்களாம்.”

மீன் மார்க்கெட்டில் கோகிலா என்று ஒரு அம்மாள். புயலன்று மாமா சொன்ன கதைக்குச் சிரித்த பிள்ளைகளில் ஒன்றுதான் வளர்ந்து அங்கே கூடை வைத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் ஆசையாக எழுந்து வந்தாள். “வர்றேன் மாமா, புள்ளைங்கள இட்டுனு கண்டிப்பா வர்றேன். இந்த ஞாயித்துக்கெழம சொந்தத்துல ஒரு காதுகுத்து. அடுத்த வாரம் வர்றேன்.”

“அடுத்த வாரம் இருக்காதும்மா.”

“நீங்க எந்த வாரம்தான் மாமா இருக்கும்னு சொன்னீங்க?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கேலி இல்லை, பிரியம். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் மாமாவின் காதில் ஒரு யோசனை சொன்னேன். மூடப்போகிறார்கள் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்களே, மாற்றித்தான் சொல்லிப் பாருங்களேன் என்று. மாமா மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். ஊரார் முன்னால் முதல் தடவையாக நல்ல வார்த்தை பேசினார்.

“பெரியோர்களே! நம்ம மீனலோசனி ரொம்ப நல்லாருக்குது. புதுக் கூர. எல்லா ஃபேனும் ஓடுது. இன்னும் அம்பது வருஷத்துக்கு அசைச்சிக்க முடியாது. வாங்க, வாங்க!”

“அப்ப இன்னா அவசரம்? அடுத்த வாரம் மெதுவா வர்றோம் மாமா!” என்று ஒரு பலசரக்குக் கடையிலிருந்து பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியையும் கூட்டிக்கொண்டு காலைக் காட்சிக்கே போய்விட்டேன். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். புதுச்சட்டை. நெற்றியில் விபூதி. கையில் குடை இல்லை. நான் அவர் கையைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “கூர மாத்திட்டோம் இல்ல? இனிமே எதுக்கு?” என்றார்.

காலைக் காட்சிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். “காலைல எவன் வருவான்? மேட்னிக்கி வருவாங்க” என்றார். மேட்னிக்கும் அதே கதை. “வெயிலு. சாயங்காலம் வந்துருவாங்க.” சாயங்காலக் காட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தார்கள். ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று உள்ளே வந்து உட்கார்ந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று. சின்ன முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே போய் நின்றுகொண்டார். மாமா தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவதும், வாசலில் நிற்பதும், மறுபடி போவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவை திரும்பிவரும்போதும் என்னிடம், “வருவாங்கடா” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசிக் காட்சிக்கு நான் உள்ளே போகவில்லை. யாருமே இல்லாத நாற்காலிகளை மறுபடி பார்க்க என்னால் முடியாது. அதுவும் முடிந்து பூட்டுப் போடும்போது பக்கத்தில் நின்றேன். மாமா முடிஞ்சிது என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைச் சின்ன முதலாளியிடம் கொடுத்தார்.

இதோடு கதை முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

ஆமாம், சொன்ன சொல் தவறாமல் வந்தார்கள். மாமா தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அன்றைக்கு அங்கே போயிருந்தார், நான் தூக்குவதற்காகக் கூடப் போயிருந்தேன். மேட்னி நேரம். கோகிலா மூன்று பிள்ளைகளோடும் மாமியாரோடும் தலைநிறையப் பூவோடு வந்தாள். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். குப்பத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வழிய வழிய ஆட்கள். பலசரக்குக் கடைக்காரர் சொன்னபடி மெதுவாகவே வந்தார். கேட்டுக்கு முன்னால் தெரு அடைத்துக்கொண்டது. பாதிக் கொட்டகை என்ன, பால்கனியையும் சேர்த்து நிரப்பியிருக்கலாம்.

“இன்னா மாமா, பூட்டியிருக்குது?” என்றாள் கோகிலா.

“மூடிட்டாங்கம்மா.”

“எப்போ?”

“போன வாரம்.”

அவளுக்கு முகமே மாறிவிட்டது. “ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா மாமா?”

 மாமா, நம்புவீர்களோ என்னமோ, “மன்னிச்சிக்கம்மா, சரியாச் சொல்லாம வுட்டுட்டேன்” என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரோ ஒருத்தர், ஒழுங்காச் சொல்லியிருந்தா வந்திருப்போமில்ல என்று முணுமுணுத்தார். பிள்ளைகள் அழுதன. மல்லாட்டைக்காரன் மட்டும் அத்தனையையும் விற்றுவிட்டுப் போனான்.

அதன்பிறகு செல்வி அப்பாவைச் சிதம்பரத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு மாதம் கழித்து அவளே என்னைத் தேடிவந்தாள்.

“அண்ணே, அப்பாவ நெனச்சா பயமா இருக்குதுண்ணே. எதக் கேட்டாலும் நல்லாருக்குதுங்கறாரு.”

போய்ப் பார்த்தேன். நிஜம்தான்.

“ஒடம்பு எப்பிடி இருக்கு மாமா?”

“நல்லாருக்குதுப்பா.”

“சாப்பாடு?”

“நல்லாருக்குது.”

மருமகனின் கடைகூட நன்றாக இருக்கிறதாம். ஊரில் எந்தக் கடையில் கூட்டம் இல்லையோ அதைத் தேடிப்போய் உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிற மனிதர், சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்து நல்லாருக்குது என்கிறார். டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, பிரஷர் நார்மல், சுகர் நார்மல், இந்த வயதில் இவ்வளவு பாசிட்டிவாக இருப்பது பெரிய விஷயம் என்று பாராட்டினார். செல்வி அங்கேயே அழுதுவிட்டாள். அழிந்துபோக இனி எதுவும் பாக்கியில்லாத மனிதர் எதற்காகக் கவலைப்படுவார்? எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து நானும் சாப்பிடாமல் படுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வருவது வரட்டும் என்று அவரைப் புதிதாகக் கட்டிய தியேட்டர் ஒன்றுக்கு மேட்னிக்கு அழைத்துப் போனேன். ஏசி, சாய்கிற நாற்காலி, காலுக்குக் கீழே கம்பளம். குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். படம் ஆரம்பித்தது.  திரையில் யாரோ செத்தார்கள். பழக்கதோஷம், நான் ரயிலுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் அவரும் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

கொஞ்ச நேரம் போனபின் ஏசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் தோளில் விழுந்தது. மாமா தோளைத் தடவிப் பார்த்தார். மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். சுற்றும்முற்றும் காலியாகக் கிடந்த நாற்காலிகளையும் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, இது தாங்காதுடா.”

“இன்னா மாமா சொன்னீங்க?”

“அடுத்த மழைக்கே அவ்ளோதான். கொடைய வேற எடுத்துனு வராம வந்துட்டேன்.”

நான் இருட்டில் எழுந்து வெளியே ஓடி செல்விக்குப் போன் போட்டேன். “சொல்லிட்டாரு செல்வி! தாங்காதுன்னு சொல்லிட்டாரு!” அந்தப் பக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. பாப்கார்ன் விற்கும் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இப்போது மாமாவுக்கு நடை தளர்ந்துவிட்டது. எனக்கும் வேலையில் வெளியூர் மாற்றல். ஆனால் புதுப்படம் வருகிற நாளாயிற்றே என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்குப் போன் செய்வேன். சிதம்பரத்தில் எது எது தாங்காது என்று வரிசையாகச் சொல்வார். கடைசியில் மறக்காமல், “நானும் அவ்ளோதான்டா. அடுத்த வாரம் இருக்கமாட்டேன். பேசணும்னா இப்பவே பேசிடு” என்பார். எனக்குப் பாடம் ஆயிற்று, நான் அதை நம்பிவிடுகிறேன். இருக்கிற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவராகப் போனை வைக்கிறவரை பேசுகிறேன்.

போன் மணி அடித்து அவர் எடுக்கிறவரைக்கும் எனக்கு ஒரே ஒரு பயம்தான். எப்படி இருக்கீங்க மாமா என்று நான் கேட்க, அவர் நல்லாருக்கேன் என்று சொல்லிவிடக்கூடாது.